பில் விண்டோவுக்குப் பின்னால் நின்ற பெட்டி: காரைக்குடிப் பலகாரக் கடையில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. காரைக்குடியில் நான் கணினி பார்த்துக்கொடுக்கும் கடைகளில் ஒன்று அது. கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் மொத்தமாகச் செய்து தரும் பலகாரக் கடை. கடையை நடத்தும் ஆச்சி எப்போதும் நிதானமாகப் பேசுபவர். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, ராத்திரி கரண்டு போயிட்டு வந்துச்சு. இப்ப ஆர்டர் ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் வெரசா வாங்க."

போய்ப் பார்த்தேன். யூபிஎஸ் பேட்டரி நாள்பட்டது, தாங்கவில்லை. பில் போடும் மென்பொருளின் தரவுக் கோப்பு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது, கோப்பு பாதியில் கெட்டுவிட்டது. அதற்கு நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு ஆர்டர் கணக்கைப் பென் டிரைவுக்கு நகல் எடுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை நானே எழுதி வைத்திருந்தேன். நேற்றைய நகலைத் திருப்பி வைத்தால் ஒரு ராத்திரி வேலைதான் போகும் என்று நினைத்து பென் டிரைவைத் திறந்தேன். கடைசி நகலுக்கு 22 நாள் வயது.

அந்த 22 நாளில்தான் ஆவணிக் கல்யாண ஆர்டர்களில் பெரும்பகுதி பதிவாகியிருந்தது. ஆடியில் கல்யாணம் இருக்காது. ஆனால் ஆடி பாதியிலேயே கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆவணிக்குச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். யார் வீட்டுக்கு என்ன பலகாரம், எத்தனை எண்ணிக்கை, என்றைக்கு, எவ்வளவு முன்பணம் என்ற எல்லாமே அந்த ஒரு கோப்பில் இருந்தது.

பழைய ஆர்டர் சீட்டுகள், ஆச்சியின் போனில் இருந்த செய்திகள், பில் போடும் தங்கச்சியின் ஞாபகம் என்று மூன்றையும் வைத்து இரண்டு நாளில் பட்டியலை மறுபடி கட்டினோம். எல்லாம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒன்று விட்டுப்போயிருந்தது. தேவகோட்டையிலிருந்து ஒருவர் காரோடு வந்து இருநூறு அதிரசம் எங்கே என்று கேட்டார். தேன்குழல் என்றால் உட்கார்ந்து பிழிந்து கொடுத்துவிடலாம். அதிரச மாவு பாகு சேர்ந்து சில நாளாவது ஊறினால்தான் பதத்துக்கு வரும், நினைத்த உடனே செய்ய முடியாது. தெரிந்த வீடு ஒன்றில் வேறு விசேஷத்துக்காக வைத்திருந்த மாவைக் கேட்டு வாங்கித்தான் அன்று மானம் காத்தார் ஆச்சி. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஸ்கிரிப்ட் என்னுடையது, சோதித்து ஒப்படைத்தவனும் நான்தான். ஏன் இப்படி ஆனது என்று கடைசி வரை தெரிந்துகொள்ளாமல் அந்தக் கணினியை இனி தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். பட்டியல் வேலை முடிந்த மறுநாள் முழுவதும் அந்தக் கடையிலேயே உட்கார்ந்தேன்.

ஸ்கிரிப்ட் என்ன செய்துகொண்டிருந்தது

அது விபிஸ்கிரிப்ட் என்ற விண்டோஸ் நிரல்மொழியில் எழுதிய முப்பது வரி. முதலில் ஒரு மெசேஜ் பாக்ஸ், அதாவது பொத்தான்களோடு ஒரு சின்னப் பெட்டி, திரையில் வரும். பென் டிரைவைச் செருகியாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்கும். எஸ் (Yes) அழுத்தினால் நகல் எடுக்கும், நோ (No) அழுத்தினால் முடிந்துவிடும். மெசேஜ் பாக்ஸின் இயல்பு என்னவென்றால், யாராவது பதில் சொல்லும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நிற்கும். ஒரு நிமிடமா, ஒரு வாரமா என்பது அதற்குக் கணக்கே இல்லை.

ஒரு வருடம் இது ஒழுங்காக ஓடியது. டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் இருக்கும், கடை மூடும்போது தங்கச்சி அதை டபுள் கிளிக் செய்வார், பெட்டி வரும், பென் டிரைவைச் செருகி எஸ் அழுத்துவார். சில நாள் மறந்துவிடுகிறார் என்பதால் ஆடியில் நான் அதை, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு இரவு எட்டு மணிக்குத் தானாக ஓடும்படி வைத்தேன். கடைசி நகலின் தேதியும் நான் ஷெட்யூலரில் போட்ட தேதியும் ஒன்றாக இருந்தன. கோளாறு எங்கே என்று தேடத் தொடங்கியபோது கையில் இருந்த ஒரே தடயம் இதுதான்.

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தேன். கடைசி ஓட்டத்தின் முடிவு என்ற இடத்தில் 41301 என்று முடியும் எண் இருந்தது. அது பிழை எண் இல்லை. வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முந்தைய நாள் எட்டு மணிக்குத் தொடங்கிய ஸ்கிரிப்ட் மறுநாள் காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பில் விண்டோவைச் சின்னதாக்கினேன். பின்னால் அந்தப் பெட்டி நின்றுகொண்டிருந்தது, எஸ், நோ இரண்டு பொத்தானோடு.

"இதப் பாத்திருக்கியாம்மா?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ பாத்தேண்ணே. ஏதோ எர்ரர்னு நெனச்சு நோ கொடுத்துட்டேன்."

அவர் மேல் தப்பே இல்லை. அவருக்குத் தமிழ்தான் நன்றாகப் படிக்க வரும். விண்டோஸ் தரும் எல்லா ஆங்கிலப் பெட்டியும் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கடையில் இரவு கணினியை அணைப்பதில்லை, பில் விண்டோவைத் திறந்தபடியே ஸ்லீப்பில் போட்டுவிடுவார்கள். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக இன்னொன்றைத் தொடங்காதே என்பதுதான் வழக்கமான அமைப்பு. ஆகவே திங்கள் இரவு ஒளிந்த பெட்டி செவ்வாய் இரவின் ஓட்டத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். ஓர் ஓட்டத்துக்கு மூன்று நாள் என்று ஒரு வரம்பு உண்டு, அது தாண்டினால் ஷெட்யூலரே நிறுத்தும். அப்புறம் புதிய பெட்டி ஒன்று பிறந்து அதுவும் பின்னால் போய் நிற்கும். இப்படியே 22 நாள் போயிருக்கிறது.

டபுள் கிளிக்கில் முன்னால், ஷெட்யூலரில் பின்னால்

அதே ஸ்கிரிப்ட்டை டபுள் கிளிக் செய்தேன், பெட்டி கண்ணெதிரே வந்தது. ஷெட்யூலரில் இரண்டு நிமிடம் தள்ளி நேரம் வைத்துவிட்டு பில் போடுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தேன். நேரம் வந்தது, பெட்டி வரவில்லை. கீழே டாஸ்க்பாரில் ஒரு பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது, அவ்வளவுதான். போனில் வரும் செய்திகளைக் கணினியிலும் திறந்து வைத்திருப்பதால் அந்த டாஸ்க்பாரில் நாள் முழுக்க ஏதாவது மின்னிக்கொண்டேதான் இருக்கும். கூட்ட நேரத்தில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதற்குக் காரணம் விண்டோஸில் வேண்டுமென்றே வைத்த ஒரு கட்டுப்பாடு. ஒருவர் ஒரு விண்டோவில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வேறொரு நிரல் குறுக்கே வந்து கீபோர்டைப் பறிக்கக்கூடாது. அதனால் யார் வேண்டுமானாலும் முன்னால் வர முடியாது, உரிமை உள்ள நிரல்தான் வரலாம். ஏற்கெனவே முன்னால் இருக்கும் நிரல் தொடங்கிவைத்த நிரலுக்கு அந்த உரிமை உண்டு. டபுள் கிளிக் செய்யும்போது முன்னால் இருப்பது டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர், ஸ்கிரிப்ட்டைத் தொடங்குவதும் அதுவே. ஆகவே பெட்டி முன்னால் வந்தது. ஷெட்யூலர் பின்னணியில் ஓடும் ஒரு சேவை. அது தொடங்கும் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த உரிமை கிடையாது. டாஸ்க்பாரில் மின்னிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, புரிந்துவிட்டது என்று எழுந்து டீ குடிக்கப் போனேன். போகும் முன் இன்னொரு முறை ஐந்து நிமிடம் தள்ளி நேரம் வைத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி பில் விண்டோவுக்கு முன்னால் நிற்கிறது! நான் எதையும் மாற்றவே இல்லை. ஒரு மணி நேரம் இதிலேயே போனது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கால அளவு உண்டு. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட் என்ற பெயரில் இருக்கும், வழக்கமான மதிப்பு 2,00,000 மில்லிசெகண்ட். அதாவது 200 விநாடி, மூன்று நிமிடம் இருபது விநாடி. அவ்வளவு நேரம் யாரும் கீபோர்டையோ மவுஸையோ தொடாமல் இருந்தால் பூட்டு தளர்ந்துவிடும், பின்னணி நிரலும் முன்னால் வரலாம். நான் முதலில் சோதித்தபோது தட்டிக்கொண்டிருந்தேன், இரண்டாம் முறை டீக்கடையில் இருந்தேன். இந்த ஒரு விவரம் தெரியாவிட்டால் 'சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை' என்று மந்திரம் போலத் தோன்றும். இதே புகாரை வேறு இரண்டு கடைகளிலும் கேட்டிருக்கிறேன். இப்போதுதான் அவர்களுக்கு என்னால் காரணம் சொல்ல முடிகிறது.

இந்த 2,00,000 என்பதைச் சுழியமாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. அது என் ஒரு ஸ்கிரிப்ட்டுக்காக அந்தக் கணினியில் உள்ள எல்லா நிரலுக்கும் கதவைத் திறந்துவிடுவது. நாள் முழுக்க பில் தட்டும் ஒரு பெண்ணின் கைக்கு நடுவில் எது வேண்டுமானாலும் வந்து நிற்கும்.

4096

விபிஸ்கிரிப்ட்டின் மெசேஜ் பாக்ஸுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து அதன் வடிவத்தைச் சொல்லலாம். எஸ், நோ பொத்தான்களுக்கு 4, கேள்விக்குறிப் படத்துக்கு 32, எச்சரிக்கைப் படத்துக்கு 48. இவற்றைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் சிஸ்டம் மோடல் என்று ஒன்று உண்டு, எண் 4096. அதைச் சேர்த்தால் பெட்டி மற்ற விண்டோக்களுக்கு மேலேயே நிற்கும்.

பெயரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், கணினி முழுவதும் உறைந்துவிடும் என்று. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 16 பிட் விண்டோஸ் காலத்தில் சிஸ்டம் மோடல் பெட்டி வந்தால் உண்மையிலேயே மற்ற எல்லா நிரலும் நின்றுவிடும், பதில் சொன்னால்தான் நகரும். 32 பிட் விண்டோஸிலிருந்து அது இல்லை. பெயர் மட்டும் பழையதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அது செய்வது ஒன்றே ஒன்று, பெட்டிக்கு எப்போதும் மேலே என்ற அடையாளத்தைக் கொடுப்பது. மற்ற விண்டோக்களில் வேலை செய்யலாம், பெட்டி மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும்.

36 ஆக இருந்த எண்ணை 4132 ஆக்கினேன். அன்று மாலை எட்டு மணிக்குக் கூட்டத்துக்கு நடுவில் பெட்டி திரையின் மையத்தில் வந்து நின்றது. தங்கச்சி பென் டிரைவைச் செருகினார், எஸ் அழுத்தினார், நகல் போனது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

நான்காம் நாள் காலை எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று கடைக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் நல்லவேளை போனேன் என்று தோன்றுகிறது. ஸ்கிரிப்ட் எழுதும் பதிவுக் கோப்பில் மூன்று நாளும் 'முடிந்தது' என்று இருந்தது. பென் டிரைவில் இரண்டு நாள் நகல்தான் இருந்தது.

நடந்தது இது. மூன்றாம் நாள் இரவு தங்கச்சி ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பார்சல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். 200 விநாடி கடந்துவிட்டது. எட்டு மணிக்குப் பெட்டி வந்தபோது மேலே மட்டும் நிற்கவில்லை, கீபோர்டையும் எடுத்துக்கொண்டது. அவர் திரும்பி வந்து, கண் ஆர்டர் சீட்டில் இருக்க, வாடிக்கையாளர் பெயரைத் தட்டத் தொடங்கியிருக்கிறார். பெயர்களை அவர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார். அன்று எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தேன், மெய்யப்பன் என்ற பெயர். மெசேஜ் பாக்ஸில் பொத்தானின் முதலெழுத்தைத் தட்டினாலே போதும், ஆல்ட் கூடத் தேவையில்லை, அந்தப் பொத்தான் அழுந்திவிடும். மெய்யப்பனை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது எழுத்து ஒய் (Y). எஸ் என்று பதில் போய்விட்டது. பெட்டி மறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது பெயரின் முதல் எழுத்துகள் மட்டும் விடுபட்டிருந்தன. திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பென் டிரைவ் செருகப்படவே இல்லை. நகல் எடுக்க முடியாமல் ஸ்கிரிப்ட் தடுமாறியது, பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று நான் எழுதி வைத்திருந்ததால் நேரே போய் 'முடிந்தது' என்று பதிந்துவிட்டது.

அந்த ஒரு வரிக்காக நான் வெட்கப்பட்டேன். ஆச்சியிடமும் போய்ச் சொன்னேன்.

பார்வைக்கு மேலே நிற்பதும் கீபோர்டைக் கையில் வைத்திருப்பதும் இரண்டு தனி விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 4096 முதலாவதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. இரண்டாவது அந்த நேரத்தில் யார் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேலே நிற்கும் பெட்டி கீபோர்டு இல்லாமல் நின்றால் ஆபத்து இல்லை. கீபோர்டோடு வந்தால், அங்கே அழுந்தும் விசை அந்தக் கேள்விக்கான பதில்தானா என்று ஸ்கிரிப்ட்டால் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் 256 சேர்த்துப் பார்த்தேன். அது இரண்டாவது பொத்தானை, அதாவது நோவை, தயாராக வைக்கும். என்டர் தவறுதலாக அழுந்தினால் நோ போகும். எண் 4388 ஆயிற்று. ஆனால் மெய்யப்பனுக்கு அது மருந்தில்லை. ஒய் தட்டினால் எஸ் எஸ்தான். அழகப்பன், சொக்கலிங்கம், நாச்சியப்பன் என்று ஊர்ப் பெயர்களில் பாதிக்கு எங்காவது ஒரு ஒய் (Y) அல்லது என் (N) இருக்கும். பொத்தானைத் திருத்தித் தீர்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

ஆச்சி சொன்னது

அன்று மதியம் ஆச்சி வீட்டில்தான் சாப்பாடு. கடைக்குப் பின்தெருவில் பழைய வீடு, பட்டாசாலையில் தேக்குத் தூண்கள். சாப்பிட்டபின் பெட்டகத்திலிருந்து ஒரு பேரேட்டை எடுத்துக் காட்டினார். அவருடைய ஐயா ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கு. பற்று, வரவு, மாதக் கடைசியில் ஐந்தொகை, எல்லாம் ஒரே மாதிரி மணி மணியான எழுத்து.

"எங்க ஐயா ராத்திரி பொட்டியில இருக்குற ரொக்கத்த எண்ணிப் பாத்துட்டுத்தான் கணக்க மூடுவாகளாம். கணக்கப்புள்ள சரியா இருக்குன்னு சொன்னா மட்டும் பத்தாது. எண்ணிப் பாக்கணும்."

அவர் ஊர்க்கதையாகத்தான் சொன்னார். எனக்கு அது நேராக ஸ்கிரிப்ட்டின் மேல் வந்து விழுந்தது. பென் டிரைவ் இருக்கிறதா என்று நான் ஏன் தங்கச்சியிடம் கேட்கிறேன்? விபிஸ்கிரிப்ட்டின் ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்டைக் கேட்டால் பென் டிரைவுக்குரிய ஈ டிரைவ் இருக்கிறதா, தயாராக இருக்கிறதா, அதன் பெயர் என்ன என்று அதுவே சொல்லும். மனிதரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை இது.

அன்று இரவு முழுவதையும் திருப்பி எழுதினேன். ஸ்கிரிப்ட் இப்போது யாரையும் கேள்வி கேட்பதில்லை. எட்டு மணிக்கு எழுந்ததும் முதலில் கணினியிலேயே இருக்கும் இரண்டாவது வன்தட்டில் ஒரு நகல் போடும், அதற்கு யார் தயவும் வேண்டாம். அப்புறம் பென் டிரைவைப் பார்க்கும். கடைக்கென்று இரண்டு பென் டிரைவ் வாங்கி அவற்றுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று ஆச்சி வீட்டில், நாள் மாற்றி நாள். அந்தப் பெயருள்ளது செருகியிருந்தால் பேசாமல் நகல் எடுத்து, இரண்டு பக்கக் கோப்பின் அளவையும் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டும் பதிவில் எழுதும். பெட்டியே வராது.

பென் டிரைவ் இல்லாவிட்டால்தான் பெட்டி வரும். அதற்கு மெசேஜ் பாக்ஸை விட்டுவிட்டு, விபிஸ்கிரிப்ட்டில் பயன்படுத்தக்கூடிய இன்னொரு பெட்டியான டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லின் பாப்அப்பை எடுத்தேன். அதற்கும் அதே எண்கள்தான், 4096 அங்கேயும் வேலை செய்கிறது. கூடுதலாக எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். யாரும் தொடாமல் அந்த நேரம் போனால் பெட்டி தானே மூடி -1 என்ற பதிலைத் தரும், ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும். 120 விநாடி கொடுத்தேன். ஒரே ஓகே பொத்தான், எச்சரிக்கைப் படம், மேலே நிற்கும் அடையாளம், மொத்தம் 4144. ஓகே அழுத்தினாலும், மெய்யப்பன் என்று தட்டும்போது எதிர்பாராமல் மூடிவிட்டாலும், இரண்டு நிமிடம் காத்திருந்து தானே மூடினாலும் ஸ்கிரிப்ட்டுக்கு எல்லாம் ஒன்றுதான். பதிலை அது பார்ப்பதே இல்லை. ஐந்து நிமிடம் தூங்கி எழுந்து மறுபடி டிரைவைப் பார்க்கும். இல்லையென்றால் மறுபடி பெட்டி. ஆறு முறை அப்படி. அதற்கும் வராவிட்டால் பென் டிரைவ் நகல் இல்லை என்று பதிவில் எழுதிவிட்டு முடிந்துகொள்ளும். ஓட்டம் எப்படியும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் மறுநாளின் வேலையை இது தடுக்கவும் வழியில்லை.

பெட்டியின் வாசகத்தைத் தமிழில் வைத்தேன். 'பென் டிரைவ் செருகவில்லை. இன்றைய ஆர்டர் கணக்கு இன்னும் வெளியே நகல் ஆகவில்லை.' இதிலும் ஒரு சிக்கல் வந்தது, சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது அரை நாள் மிச்சமாகும். 2019க்குப் பிறகு வந்த நோட்பேட் கோப்பை இயல்பாக யுடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கிறது. விபிஸ்கிரிப்ட்டை ஓட்டும் நிரலுக்கு அது புரியாது, தமிழ் எழுத்துகள் இருக்கும் இடத்தில் கிறுக்கலாக வரும். சேமிக்கும்போது கீழே உள்ள பட்டியலில் யுடிஎஃப் 16 எல்இ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பொத்தானில் இருக்கும் ஓகே மட்டும் விண்டோஸின் மொழியில்தான் வரும், அதை மாற்ற வழியில்லை.

இரண்டு இடையூறுகள்

கடையில் கேமரா மாட்டியவர் அதன் விண்டோவை எப்போதும் மேலே இருக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார். மேலே நிற்கும் அடையாளம் உள்ள விண்டோ இரண்டு இருந்தால் அவற்றுக்குள் கடைசியாகத் தொட்டது மேலே வரும். பெட்டி நிற்கும்போது ஆச்சி கேமராவைக் கிளிக் செய்தால் பெட்டி அதற்குப் பின்னால் போய்விடும். எல்லாரும் தலைக்கு மேலே இடம் கேட்டால் யாருக்குமே கிடைக்காது அல்லவா, அதனால் கேமராவின் அமைப்பை எடுத்துவிட்டு அதைத் திரையின் ஓரத்தில் வைத்தோம்.

இன்னொன்று, என்னோடு வேலை செய்யும் தம்பி நல்லெண்ணத்தில் செய்தது. வேலை தவறாமல் ஓடட்டும் என்று ஷெட்யூலரில் 'பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அன்று பெட்டி வரவே இல்லை, டாஸ்க்பாரில் மின்னல்கூட இல்லை. அந்த அமைப்பில் ஓடும் வேலை நாம் பார்க்கும் திரையோடு சம்பந்தமில்லாத தனி அமர்வில் ஓடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து சேவைகளின் அமர்வும் மனிதர்களின் அமர்வும் பிரிக்கப்பட்டுவிட்டன. அங்கே பெட்டி திறந்தாலும் அதைப் பார்க்க யாரும் இல்லை, 4096 அல்ல, எந்த எண்ணைக் கொடுத்தாலும் இந்தப் பக்கம் வராது. பெட்டி காட்டும் ஸ்கிரிப்ட் என்றால் 'பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும்' என்றுதான் இருக்க வேண்டும். மாற்றினோம், சரியானது. தம்பியிடம் நான் கோபப்படவில்லை. முதலில் இருந்த அமைப்பை ஏன் அப்படி வைத்தேன் என்று எங்கேயும் எழுதி வைக்காதவன் நான்தான். இப்போது ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே எழுதியிருக்கிறேன்.

விபிஸ்கிரிப்ட்டுக்கும் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 2024 பதிப்பில் அது வேண்டுமானால் வைத்துக்கொள்ளும் கூறாக மாறியது, 2027 வாக்கில் இயல்பாகவே அணைத்து வைக்கும் திட்டம் இருக்கிறது. ஆகவே இதே ஸ்கிரிப்ட்டை விண்டோஸின் இன்னொரு நிரல்மொழியான பவர்ஷெல்லுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அங்கே மெசேஜ் பாக்ஸுக்கு நேராக 4096 கொடுப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஃபார்மை, அதாவது ஒரு விண்டோவை, உருவாக்கி அதற்கு எப்போதும் மேலே என்று பொருள்படும் டாப்மோஸ்ட் என்ற பண்பைக் கொடுத்து, பெட்டிக்கு அதை உரிமையாளராகக் காட்டுவது நல்ல வழி. உரிமையாளர் மேலே இருந்தால் பெட்டியும் மேலேயே இருக்கும்.

கடைசிச் சோதனையை ஆச்சியையே செய்யச் சொன்னேன். பென் டிரைவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது, பெட்டி வந்தது, அவரே வாய்விட்டுப் படித்தார். வேண்டுமென்றே ஓகே அழுத்தி மூடிவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தது. பென் டிரைவைச் செருகினார், அப்புறம் வரவில்லை. பதிவில் நேரமும் அளவும் சரியாக விழுந்திருந்தன.

"எல்லாஞ் சரி தம்பி. ஆனா எட்டு மணிக்கு யாரு இதப் பாப்பா? அது மெட்ராசு பஸ்சுக்குப் பார்சல் ஏத்துற நேரமுல்ல. தங்கச்சியும் உள்ள இருக்கும், நானும் வாசல்ல நிப்பேன்."

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் கடைக்குப் போய் வருகிறேன். எட்டு மணி என்பது நான் என் வசதிக்கு வைத்த நேரம். ஷெட்யூலரைத் திறந்து ஒன்பது ஐந்துக்கு மாற்றினேன். அந்த நேரம் பார்சல் எல்லாம் போய், தங்கச்சி கல்லாவை எண்ண உட்கார்ந்திருப்பார்.